அப்பத்தா சொன்ன 'வாங்க'



தமிழ் வகுப்பில் டீச்சர் இளமைப் பெயர்கள் நடத்தினார்கள். தொல்காப்பியம் மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று 9 பெயர்கள் உள்ளன. பறழும் குருளையும் கடலாடியில் நான் கேட்டதே இல்லை. குழவி என்றால் எங்கள் வீட்டில் அம்மியில் கிடப்பதுதான்! கன்று என்றாலே சின்னதுதான், அதுக்கு மேலே 'கன்னுக்குட்டி' என்கிறோம். அணில் கிழடு ஆனாலும் அணில்பிள்ளைதான். தென்னைக்குப் பிள்ளை, வாழைக்குக் கன்று, பனைக்கு வடலி.

என் அப்பத்தா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'தாயி', இல்லாவிட்டால் 'ஆத்தா'. "சின்னப் பிள்ளையைப் போய் ஏன் டீச்சர் அம்மா என்று கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டேன். ஸ்பானிஷ் மொழியில் சொல்லின் கடைசியில் 'இட்டா' சேர்த்தால் சின்னது, செல்லமானது என்று அர்த்தமாம். லத்தீன் அமெரிக்காவில் மகளையே 'மமீட்டா' என்பார்களாம். அதற்கும் சின்ன அம்மா என்றுதான் பொருள்.

இது முன்பே தெரிந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். ஒருநாள் அப்பத்தா தூக்குச்சட்டியோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, "ஏ தாயி, சோத்த மறந்துட்டுப் போயிட்டியே" என்று சத்தம் போட்டுச்சு. (எங்கள் வீட்டில் அப்பத்தாவை 'வந்துச்சு, சொல்லுச்சு' என்றுதான் சொல்வோம். இலக்கணப்படி அஃறிணை. டீச்சர் மன்னிக்கவும்.) அன்று முழுக்க எல்லோரும் என்னைத் தாயி, கிழவி என்று கேலி செய்தார்கள். வீட்டுக்குப் போனதும், "இனிமே பேரச் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று கத்திவிட்டேன்.

"சரிங்க" என்றது அப்பத்தா.

மறுநாள் காலையில் என் முழுப்பெயரைச் சொல்லி, "வாங்க, சாப்பிடுங்க" என்றது. தலைமை ஆசிரியரிடம் நாம் சொல்கிற அதே 'ங்க'. மரியாதைதான். ஆனால் யாரோ வெளியூர்க்காரியிடம் பேசுவது மாதிரி இருந்தது. 'வா' ஓரெழுத்து. 'வாங்க' மூன்றெழுத்து. கூடுதலாக வந்த இரண்டு எழுத்தில் அப்பத்தா ரொம்ப தூரம் தள்ளிப் போய்விட்டது.

மூன்று நாள் பொறுத்தேன். அப்பத்தா திண்ணையில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பழையபடியே கூப்பிடு அப்பத்தா" என்றேன்.

ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எப்படிங்க?" என்று கேட்டுச்சு.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயி ஏன் தாயி அழுகுற?"

— மாணவி, 9 ஆம் வகுப்பு