திமிங்கிலம் கண்ட நாளும் இடமும்

துறை மலருக்கு ஆண்டுதோறும் யாம் எழுதி வந்தவை பெரும்பாலும் இலக்கியக் கட்டுரைகளே. இவ்வாண்டு திமிங்கிலம் பற்றி எழுதப்போகிறோம் என்று கூறியபோது, மலர்க்குழுவின் மூத்த பேராசிரியர் ஒருவர், “குமாரலிங்கபுரத்துக்காரருக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று வினவிச் சிரித்தார். வினா நியாயமானதே. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமி எம்முடையது. கண்மாயில் நீர் நின்றால் நெல். இல்லையேல் கம்பும் மல்லியும் பருத்தியும். அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பிழைப்பு. கடற்கரை இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தும், இளமையில் கடல் எமக்கு உப்பாகவும் சந்தை நாளில் வந்திறங்கும் கருவாட்டுக் கூடையாகவும் மட்டுமே அறிமுகம். நெய்தல் திணையைப் பாடமாக நடத்தத் தொடங்கிய பின்னரும் நெடுநாள் இந்நிலையே நீடித்தது.

எம் கவனத்தைத் திருப்பியது ஒரு பெயர். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் ஓமன் நாட்டு மசீரா வளைகுடாவில் பெண் திமிங்கிலம் ஒன்றின் உடலில் செயற்கைக்கோளோடு தொடர்பு கொள்ளும் சிறு கருவியை ஆய்வாளர்கள் பொருத்தினர். கூன்முதுகுத் திமிங்கிலம் என்னும் இனம் அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘லுபான்’. எம் கல்லூரி அரபுத்துறை நண்பரிடம் பொருள் கேட்டோம். “குந்திரிக்கம்தான்” என்றார். அத்திமிங்கிலத்தின் வாலில் இருந்த அடையாளம் குந்திரிக்க மரம் போன்று தோன்றியமையால் அப்பெயர் வந்ததாம். லுபான் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து நம் நாட்டின் மேற்குக் கரையை அடைந்தது. கரையோரமாகவே தெற்கே இறங்கிக் குமரிமுனைப் பக்கம் வரை வந்தது. 2018-இல் மீண்டும் ஓமன் கடலுக்கே திரும்பியது. குந்திரிக்கம் ஏற்றிய மரக்கலங்களும், காயலில் இறங்கிய அரபுக் குதிரைகளும் கடந்து வந்த அதே கடல்! வணிகர் வழக்கொழித்த வழியில் குந்திரிக்கத்தின் பெயர் தாங்கிய உயிர் ஒன்று வந்து சென்றதை அறிந்தபோது எமக்கு உண்டான வியப்பு சிறிதன்று.

இதில் பெயரழகினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. பிற கடல்களின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் இரைக்காகத் துருவத்தை அடுத்த குளிர்கடல்களுக்குச் செல்வன. அரபிக்கடலில் வாழ்பவையோ அவ்வாறு செல்வதில்லை. ஆண்டு முழுதும் அரபிக்கடலிலேயே தங்குகின்றன. ஓமன் கரையோரம் அவற்றின் தொகை 100-க்கும் குறைவு என்பது கணிப்பு. நம் கரையில் ஒருவர் காண்பதும் ஓமன் கரையில் மற்றொருவர் காண்பதும் ஒரே திமிங்கிலமாக இருக்கலாம் என்பதை லுபானின் பயணம் ஐயமற மெய்ப்பித்தது. எனினும், கருவி பொருத்தப்பட்டவை மிகச் சில. அக்கருவியும் சில மாதங்களில் கழன்று விழுந்துவிடும். ஏனைய திமிங்கிலங்களின் போக்குவரத்தை அறிய மனிதர் கண்ணால் கண்டு எழுதும் குறிப்பே துணை.

எழுதுவதில் நாம் எவ்வாறு இருந்திருக்கிறோம்? பெரிய மீன் திமி. திமியை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று வடமொழியாளர் அடுக்கிய பெயர்கள் நம் நூல்களிலும் புகுந்தன. கேட்பதற்கு இன்பமாக உள்ளது. ஆயின் இவ்வடுக்கிலிருந்து அவ்வுயிரின் நீளம் எத்தனை முழம் என்று அறிய வழியில்லை. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைக் காட்டுகிறார். அது கண்டறிந்து எழுதியது. ஆதலால் இன்றும் பயன்படுகிறது. உயர்வு நவிற்சியைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அதனைப் படிப்பித்தே யாம் ஊதியம் பெறுகிறோம்.

அளந்து சொல்லும் மரபுக்குச் சான்றாக நம் சமுதாயப் பெரியவர்கள் நன்கறிந்த நிகழ்ச்சி ஒன்றை ஈண்டு நினைவூட்டலாம். அபூ உபைதா (ரலி) அவர்கள் தலைமையில் 300 பேர் கடற்கரைப் பக்கம் சென்றபோது உணவு தீர்ந்து, இலைகளை உண்ணும் நிலை வந்தது. அப்போது ‘அன்பர்’ எனப்படும் மாபெரும் கடல்உயிர் ஒன்று கரையில் ஒதுங்கிக் கிடக்கக் கண்டு, பல நாள் அதனை உண்டு பசியாறினர். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் செய்தி இது. அதன் விலா எலும்புகள் இரண்டினை நட்டு நிறுத்தச் செய்தார் தலைவர்; அவற்றின் அடியே ஒட்டகம் தட்டாமல் கடந்து சென்றது. ‘மிகப் பெரிது’ என்று கூறி அமையாமல், பாலைவனத்தார் எவரும் அறிந்த ஒட்டகத்தை அளவுகோலாக்கியது எம் உள்ளத்தைத் தொட்டது. கரையொதுங்கிய திமிங்கிலத்தை இன்று அளக்க வருபவர் கையில் நாடா இருக்கிறது. செய்யும் செயல் அதுவே.

இனி மணப்பாட்டுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் மாலை தொடங்கித் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, கல்லாமொழிப் பகுதிகளில் குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறின. ஏறத்தாழ 81 ஒதுங்கின, 36 கடலுக்குள் திருப்பிவிடப்பட்டன, 45 மடிந்தன. அவ்வூர்களுக்கு அருகிலுள்ள கடற்கரையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அப்போது எம் இளங்கலை வகுப்பில் பயின்றார். பொங்கல் விடுமுறை முடியுமுன் அவரும் வேறு சில மாணவர்களும் உடன்வர யாம் அங்குச் சென்றோம். திமிங்கிலங்களைப் புதைத்த மணல்மேடுகளையே கண்டோம். காற்றில் வாடை போகவில்லை. மாணவரின் தந்தையார் தம் படகில் கயிறு கட்டித் திமிங்கிலங்களை இழுத்துச் சென்றவர்களுள் ஒருவர். அவர் கூறியது இன்றும் செவியில் உள்ளது: “உள்ள கொண்டுபோய் விட்டா திரும்பி வந்துருதுங்கய்யா. கரையில கிடக்குறது சத்தம் போடுது. அதக் கேட்டுப் போனதும் திரும்புது. எத்தன தடவதான் இழுக்க?”

அவர் கண்டது உண்மை. இவ்வினம் தாய்வழிக் கூட்டமாக வாழ்வது. தாயும் மகளும் பேத்தியும் பிரிவதில்லை. ஒன்று வழிதவறிக் கரையேறினால் மற்றவை அதனை விட்டு நீங்கா. முதலில் வழிதவறியதற்குரிய காரணத்தில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. நோய், கடலடி ஒலி, சரிவு குறைந்த மணற்கரை எனப் பலவும் பேசப்பட்டன. கூட்டமாக மடிவதற்குக் காரணம் மட்டும் அவற்றின் உறவே. எம் உடன்வந்த மாணவர்கள் அன்று ஊர் திரும்பும் வரை அதிகம் பேசவில்லை.

அக்கரையில் முதியவர் சிலரோடு உரையாடினோம். “இது புதுசு இல்ல, முன்னாடியும் வந்துச்சு. அதுவும் பொங்கல் நேரந்தான்” என்றனர். எத்தனை வந்தன என்று கேட்டோம். ஒருவர் 50 என்றார். மற்றவர் 300-க்குக் குறையாது என்றார். இருவருக்கும் சிறு வாக்குவாதமே மூண்டுவிட்டது. பின்னர் நூலகத்தில் தேடியபோது விடை கிடைத்தது. 1973-ஆம் ஆண்டு சனவரி 14, அதே மணப்பாட்டுக் கரை, அதே இனம், தொகை 147. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் க. அழகர்சாமியும் உடனிருந்தோரும் அப்போதே எண்ணி, அளந்து, ஆய்விதழில் எழுதி வைத்திருந்தனர். தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றிகண்ட அதே அழகர்சாமிதான். அவ்வெற்றியும் அதே 1973-ஆம் ஆண்டில்தான். அக்குறிப்பு இருந்தமையால் 2016-இல் வந்த ஆய்வாளர், இக்கரையில் இது 43 ஆண்டுகளுக்குப் பின் நிகழும் இரண்டாம் நிகழ்ச்சி என்று கூற முடிந்தது. இரண்டும் பொங்கலை ஒட்டியே நிகழ்ந்தன. இரு நிகழ்ச்சியைக் கொண்டு விதி வகுத்தல் கூடாது. ஆயினும் மார்கழி இறுதியில் அக்கரையில் கண் வைத்திருப்பது அறிவுடைமை.

ஊர் திரும்பிய பின் எம் அத்தாவின் பேரேடு நினைவுக்கு வந்தது. மளிகைக்கடைக் கடன்கணக்கு எழுதிய அந்நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவர் மழைக்கணக்கு எழுதுவார். நாள், மேகம் எழுந்த திசை, ஓர் உழவு மழையா, வெறும் தூறலா, கண்மாய்க்கு நீர் வந்ததா என நான்கே செய்திகள். ஊரில் எவரேனும், ‘முன்பெல்லாம் இப்படியா?’ என்று தொடங்கினால், அத்தா மறுமொழி கூறாமல் பேரேட்டை எடுத்துப் புரட்டுவார். பேச்சு அத்தோடு நின்றுவிடும். அப்பழக்கத்தைக் கடலுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணி, நீள்நோட்டு ஒன்றில் கோடு கிழித்து அம்மாணவரிடம் கொடுத்தோம். நாள், நேரம், கரையிலிருந்து எத்திசை, எத்தனை பாக ஆழம், எத்தனை உயிர், அருகில் சென்ற படகோடு ஒப்பிட்டால் நீளம் எவ்வளவு, வால் நெட்டையா படுக்கையா என்பன கட்டங்கள்.

கடைசிக் கட்டம் இன்றியமையாதது. மீனின் வால் நெட்டையாக நின்று பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்தின் வால் படுக்கையாக அமைந்து மேலும் கீழும் அசையும். திமிங்கிலச் சுறா கரையொதுங்கும்போது நாளிதழ்கள் சில ‘ராட்சதத் திமிங்கிலம்’ என்று எழுதிவிடுகின்றன. அது சுறாவினத்து மீன். வாலைப் பார்த்து எழுதினால் இக்குழப்பம் ஒழியும். எம் பகுதி மீனவருக்கு இதனை யாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஓங்கில் வேறு, ஆவுளியா வேறு, சுறா வேறு என்பதை அவர் நீர் அசைவிலேயே அறிவார். அவருக்கு இல்லாதது நோட்டெழுதும் ஓய்வு.

வேறொரு தடையும் உண்டு. அதனை மாணவரே எடுத்துரைத்தார். அம்பர் என்னும் மணப்பொருள் பெருந்தலைத் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது. சித்த மருத்துவர் மீனம்பர் என்பர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அத்திமிங்கிலம் இருப்பதால், அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அம்பர் கடத்தியோர் கைதான செய்திகள் நம் கடற்கரை மாவட்டங்களிலிருந்து அடிக்கடி வருகின்றன. ஆகவே, “திமிங்கிலத்தப் பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு நம்மள விசாரிப்பாங்களோ?” என்று அஞ்சுகின்றனர். காண்பது குற்றமன்று என்பதைக் கரையோர ஊர்களில் எவரேனும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவருக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டுவதும் நடைபெறுகிறது. திமிங்கிலம் கண்டு சொல்வோருக்கும் அத்தகைய மதிப்புக் கிடைத்தால் அச்சம் தானே அகலும்.

காட்சிக் குறிப்பினால் என்ன விளையும் என்று கேட்கும் மாணவருக்கு இலங்கையின் தென்கடலைக் காட்டுவோம். மிரிசைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் உலவும் கடலிலேயே உலகின் நெரிசல் மிக்க கப்பல்வழியும் அமைந்தது. கப்பல் மோதி அவை மடிந்தன. எங்கெங்கே எத்தனை தோன்றின என்று படகிலிருந்து கண்டு குறித்தவற்றை ஆய்வாளர் வரைபடமாக்கினர். கப்பல்கள் 15 கடல்மைல் தெற்கே விலகிச் சென்றால் மோதும் வாய்ப்பு 95 விழுக்காடு குறையும் எனக் கணக்கிட்டனர். 2022-ஆம் ஆண்டு எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை அவ்வாறே விலகிச் செல்லப் பணித்தது. மலை போன்ற எஃகுக் கலங்களைத் திசை திருப்பியவை அக்குறிப்புகள்தாம்.

அம்மாணவர் பட்டம் பெற்றுச் செல்லும்போது நோட்டை எம்மிடம் ஒப்படைத்தார். பதினொரு பதிவுகள் இருந்தன. மூன்று திமிங்கிலச் சுறா. ஆறு ஓங்கில் கூட்டம். ஒன்றில் எல்லாக் கட்டமும் வெறுமையாக விடப்பட்டு, ‘வலை இழுக்கும் நேரம். பார்த்தோம், எண்ண முடியவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. இன்னொன்று அவர் தந்தையார் சொல்ல அவர் எழுதியது: ‘பங்குனி மாதம், விடியற்காலை. கிழக்கே நாற்பது பாகம். பெரியது ஒன்று, குட்டி ஒன்று. வால் படுக்கை. நம் படகைவிட இரண்டு மடங்கு. பெயர் தெரியாது.’ பெயர் தெரியாது என்று எழுதத் துணிந்தாரே, அதனை யாம் பெரிதும் மதிக்கிறோம்.

அந்நோட்டு இப்போது துறை நூலகத்தில் அகராதிகள் அடுக்கிய நிலைப்பேழையின் மேல்தட்டில் உள்ளது. பக்கங்கள் மிகுதியாக எஞ்சியுள்ளன. வேம்பார், சாயல்குடி, கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் மாணவர் எவரும் எடுத்து எழுதலாம். நூலகரிடம் கையெழுத்திட வேண்டியதில்லை. பேனா நூலில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.