ரயிலுக்கு பிரேக் ஆயில்

வடசேரியில் அந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிரேக் ஆயில் எந்த வண்டிக்கு?"

"ரயிலுக்கு."

மனுஷர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற பையனிடம், "லேய், சாருக்கு அந்தச் சின்ன டப்பாவ எடுத்துக் குடு. பைய அனுப்பி வை" என்றார். கடைசி மூன்று வார்த்தை என் காதில் விழாது என்று நினைத்துவிட்டார். விழுந்துவிட்டது.

நான் சொன்னது பொய்யில்லை சார். என் ரயில் எஞ்சினின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர்.

இந்தப் பைத்தியம் பிடித்தது புனேயில். ஆபீஸ் டிரெயினிங்குக்குப் போனபோது, 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியத்துக்குள் சும்மா நுழைந்தேன். கைக்கடக்கமாக ஒரு ஊர், அதில் சிக்னல், ஸ்டேஷன், ஓடுகிற ரயில்கள். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 'ஹெச்.ஓ.' என்று பெயர். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர்.

நம்ம ஊர் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 சொச்சம் வர வேண்டும். வெளிநாட்டுப் பாதை குறுகல் என்பதால், நம்ம எஞ்சினை அதில் நிறுத்தினால் இறுக்கிய பேண்ட் போட்ட மாமா மாதிரிதான் நிற்கும். பழகிவிடும்.

மச்சினன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு பழைய ஆல்கோ எஞ்சின் மாடல் வாங்கி வந்தான். ஆல்கோதான் வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் நாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின், அசலில் ஆல்கோ கம்பெனியின் டிசைன். 1962-ல் கப்பலில் வந்தது. 1964-லிருந்து வாரணாசியில் செய்தார்கள். ஆக, அமெரிக்க மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. நம்ம எஞ்சினுக்கு இரண்டு முனையிலும் பஃபர் உண்டு, அமெரிக்கனுக்குக் கிடையாது. டிராயிங் பின்னை வெட்டி ஒட்டினேன். மாடு தள்ளும் தகட்டைப் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அறுத்தேன். எல்லாம் முடிந்தபோது அசல் அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாது. பெரியப்பா மகன் ஜாடை இருந்தது.

பிறகு பெயிண்ட். மோட்டாரைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கூட்டை மட்டும் ராத்திரி முழுக்க பிரேக் ஆயிலில் ஊற வைத்தால் பழைய பெயிண்ட் தோல் உரிந்து வரும். கையுறை போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அது பழைய பிரஷ் இல்லை என்பது காலையில் மனைவி பல் தேய்க்கப் போனபோதுதான் தெரிந்தது. அந்த வாரம் எனக்குக் காப்பி கிடைத்த விதத்தை எழுதினால் பக்கம் போதாது.

மேலே முதலில் பிரைமர். அப்புறம் மஞ்சள். மஞ்சள் நன்றாகக் காய்ந்ததும் நடுவே டேப் ஒட்டிவிட்டுக் கருஞ்சிவப்பு. அடர்த்தியான நிறம்தான் பிந்தி வர வேண்டும். முந்தினால் மஞ்சள் அழுக்காகத் தெரியும். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை வேறு. ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயிலுக்காக இரண்டு ஞாயிறு காத்திருந்தேன்.

டேப்பை உரித்தபோது பட்டை கத்தி வைத்து வெட்டினாற்போல் நின்றது. பெருமையாக அப்பாவிடம் கொண்டுபோனேன்.

கண்ணாடியைப் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொள்ளாம். ஆனா இது ஓடவே இல்லியே மக்கா."

"மோட்டார் மாட்டினா ஓடும்ப்பா."

"அதச் சொல்லல்ல. இந்த வண்டி ஒருநாளும் ஆரல்வாய்மொழி தாண்டல்ல."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம் பக்கமிருந்து ரயில் வந்தது 1979-ல். திருநெல்வேலிப் பாதை 1981-ல். அந்தப் பாதையில் அப்பா கீமேன். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற சாவியை அடித்து இறுக்குகிற வேலை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் நான் 'ரயில்வே' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். டி.டி.ஆர். என்று பையன்கள் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. காலேஜிலும் திருத்தவில்லை. ஆபீஸில் சேர்ந்த பிறகும்தான்.

நாமெல்லாம் ரயிலை ஜன்னல் உயரத்தில் பார்த்தவர்கள். அப்பா சக்கர உயரத்தில் பார்த்தவர். வண்டி வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்று, அச்சு சூடேறிப் புகைகிறதா, எதாவது தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் அவர் வேலையில் சேர்த்தி.

"பிரேக் கட்ட தேய்ஞ்சு இரும்புத் தூளு பறக்கும் லேய். அது அடிப்பக்கம் முழுக்க ஒட்டி, துருப்பிடிச்சு, காவி நெறமா இருக்கும். மேல புகைக்கூண்ட சுத்திக் கரி. கெளம்பும்போது குபுகுபுன்னு கரும்புகையில்லா விடும்? டீசல் ஊத்துற வாய்க்குக் கீழ வழிஞ்ச கற. ஆரல்வாய்மொழிக் காத்துல புழுதி வேற. நீ கல்யாண மாப்ளய நிறுத்தியிருக்க."

அவர் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் தூங்காமல் உட்கார்ந்தார். செங்கல்லை உரசித் துணியில் சலித்தார். விளக்குக் கரியை வழித்தார். "துருவச் சொரண்டிப் போடுவோமா?" என்று கேட்டார். இரும்புத் தூள் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்றேன். "அப்ப வேண்டாம்" என்று உடனே ஒத்துக்கொண்டார். நான் சொன்னதை அவர் ஒத்துக்கொண்டதும் அதுதான் முதல் தடவை.

பிரஷ் நுனியால் பொடியைத் தொட்டுத் தட்டினார். அடியில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. விரல் நடுங்கியது, ஆனால் அழுக்குக்கு நடுக்கம் நல்லதுதான். மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் லேசாக அடித்தேன். நான் மூன்று வாரம் பாடுபட்டு பளபளவென்று ஆக்கியதை அவர் ஒரு மணி நேரத்தில் நாசமாக்கினார். அப்போதுதான் அது எஞ்சின் ஆயிற்று.

இப்போது நம்ம பாதையில் மின்சார எஞ்சின். 2024-லிருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத்தும் வருகிறது. டபிள்யூ.டி.எம்-2-வின் நிறத்தை போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். எந்த அழுக்கு எங்கே ஒட்டும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

போன மாதம் ஒரு வேகன் வாங்கினேன். மூடின கூட்ஸ் பெட்டி. அப்பாவையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனேன்.

"மறுபடியும் ரயிலுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"இது கூட்சுக்கு" என்றார் அப்பா, ரொம்ப சீரியஸாக.

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்பத்துக்கே இருக்கிறது என்று முடிவு செய்திருப்பார். பில் போட்டுக்கொண்டே, "சாருக்கு ரயில்வேயிலயா வேல?" என்றார்.

"எனக்கில்ல. அப்பாவுக்கு" என்றேன். "கீமேன்."