ரிச்மண்டு நகரத்துச் செங்கல் வீடு

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தின் தலைநகரான ரிச்மண்டில், 1883-இல் எழும்பிய செங்கல் வீடொன்றைக் கண்டோம். 1904-இல் அதை வாங்கியவர் மாகி லீனா வாக்கர் அம்மையார். அடிமையாயிருந்து விடுதலை பெற்று, பிறர் துணி வெளுத்துப் பிழைத்த தாயின் புதல்வி அவர். தம் கறுப்பின மக்களின் சில்லறைக் காசு அவர்களுக்கே பயன்பட வேண்டுமென்று 1903-இல் ஸெயின்ட் லூக் பென்னி ஸேவிங்ஸ் பாங்கியைத் தோற்றுவித்து, தாமே அதன் தலைவராக அமர்ந்தார்.

வீடும் அவரோடு வளர்ந்து இருபத்தெட்டு அறைகளுடையதாயிற்று. பிற்காலத்தில் கால்கள் வலுவிழந்தபோது உள்ளேயே மின்தூக்கி அமைத்துக்கொண்டார். 1934-இல் மறையும்வரை தொண்டை விட்டாரில்லை. 1979-இல் சர்க்கார் அவ்வீட்டை வாங்கித் தேசியச் சின்னமாகக் காத்துவருகிறது.

செங்கல்லோடு செங்கல் சேர்ந்தால் வீடு. ஏழைகளின் காசோடு காசு சேர்ந்தால் ஒரு சமூகத்தின் சுதந்திரம். அவ்வீட்டுச் சுவர்கள் நமக்கு உணர்த்தியது இதுவே.