ஒரே ஒரு 'க்ளிக்'!

ராத்திரி ரெண்டேகால் மணி. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. பைக்கில் சாவியைத் திருகி, அவரைப் பின்னால் உட்கார வைத்து, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன். 'க்ளிக்' என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் 'க்ளிக்'. அவ்வளவுதான்.

கிக்கர் கிடையாது. "இப்பல்லாம் யார் சார் உதைக்கறாங்க?" என்று ஷோரூமில் சொன்னபோது பெருமையாகத் தலையாட்டியவன் நான்தான். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் தள்ளிக்கொண்டே போய் செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் உறுமிவிடும். இது இஞ்செக்‌ஷன் வண்டி. பெட்ரோல் பம்புக்கே கரன்ட் வேண்டும். அப்பாவை இறக்கிவிட்டுத் தெருமுனை வரை தள்ளியதில் எனக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கைலியோடு ஓடி வந்தார். பிழைத்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார்.

"இன்னிக்குத்தான் டாக்டர்."

ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அப்பா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மாசமா."

நாலு நாளில் அப்பா வீடு திரும்பினார். நான் சூட்டோடு சூடாகப் புது பேட்டரி வாங்கி மாட்டினேன். பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தேன். இருபதாவது நாள், ஆபீஸ் ஸ்டாண்டில், அதே 'க்ளிக்'!

மெக்கானிக் வந்தார். சீட்டைக் கழற்றாமலே முதல் கேள்வி: "மொத பேட்டரி படுக்கறதுக்கு முன்னாடி வண்டி ஏதாச்சும் சொல்லிச்சா சார்?"

யோசித்தேன். ஹாரன் ஜலதோஷம் பிடித்த மாதிரி கம்மியிருந்தது. இண்டிகேட்டர் சோம்பேறித்தனமாகக் கண் சிமிட்டியது. காலையில் செல்ஃப் 'ர்ர்...ர்ர்...' என்று இழுத்தது. எத்தனை நாளாக?

"ரெண்டு மாசமா" என்றேன். சொல்லும்போதே சுருக்கென்றது.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை வைத்தார். 12.2 வோல்ட். ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். அதே 12.2. "பாத்தீங்களா, ஏறவே மாட்டேங்குது. பதிமூணரையிலேர்ந்து பதினாலரைக்குள்ள நிக்கணும். பதினஞ்சைத் தாண்டினாலும் தப்பு, பேட்டரி வெந்துடும்."

பிறகு அவர் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன். இன்ஜினோடு சுற்றும் மேக்னெட்டும் காயிலும்தான் சம்பாதிக்கிற ஆள். ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்தான் அந்தச் சம்பளத்தை ஒழுங்காக வரவு வைக்கும் கேஷியர். பேட்டரி வெறும் சேமிப்புக் கணக்கு. சம்பளம் வராமல் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை கணக்கு மாற்றினாலும் காலிதான்! அதிலும் 2017 ஏப்ரலிலிருந்து வந்த புது டூ வீலர்களில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது. மூன்று கிலோமீட்டர் ஆபீஸ், வழியெல்லாம் சிக்னல், ஐட்லிங்கில் வரவு குறைவு. ஒரு தடவை செல்ஃப் எடுத்த கடனைத் திருப்புவதற்குள் ஆபீஸ் வந்துவிடும்.

என் வண்டியில் குற்றவாளி, காயிலுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே இருந்த ஒரு கனெக்டர். பின் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. மாற்ற ஆன செலவு, நான் அவசரப்பட்டு வாங்கிய பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

போகும்போது சில புத்திமதிகள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மீட்டர் 12.6-க்கு மேல் காட்டினால் பேட்டரி நலம். 12-ஐத் தொட்டால் காலி என்று அர்த்தம். காலியாகவே போட்டு வைத்தால் உள்ளே ஈயத் தகட்டில் உப்பு இறுகி, பிறகு சார்ஜே ஏறாது. வெளியே சார்ஜ் போட்டால் 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியரில் நிதானமாகப் போட வேண்டும். டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் கழுவி, காய்ந்ததும் வாஸலின் தடவ வேண்டும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால் பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டு தீபாவளிதான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிரித்தார். தொண்ணூறுகளில் அவர் வண்டி பேட்டரிக்கு ஆறு மூடி. மாதத்தின் முதல் ஞாயிறு மூடிகளைத் திறந்து, அளவுக்கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். குழாய்த் தண்ணீரைக் கிட்டவே சேர்க்கமாட்டார். டார்ச் பிடித்தவன் நான்தான். என் வண்டிப் பேட்டரிக்கு மூடியே இல்லை. அதனால் பார்க்கவும் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

இப்போது முதல் ஞாயிறு மறுபடி வந்துவிட்டது. காலையில் வண்டிக்கு மீட்டர் வைக்கிறேன். அப்புறம் மாடிக்கு அப்பாவோடு சேர்ந்து படி ஏறுகிறேன், ஏதோ துணி எடுக்கப் போகிற மாதிரி.

போன வாரம் பாதிப் படியில் நின்று திரும்பினார். "என்னடா, எனக்கும் மீட்டர் வைக்கறியா?"

"ஆமாம்ப்பா."

"பன்னிரண்டரை இருக்கும்டா, ஏறு!" என்றார்.