நான்கு வளையலும் ஒரு யந்திரமும்

சகோதரிகளே, யந்திரம் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள்! என் கையில் கிடந்த நான்கு தங்க வளையல்கள் போன இடத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்களுக்குக் குன்னத்தூர். ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் திருப்பூர்ப் பனியனுக்கும் பக்கத்து ஊர். என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தறியிலோ பனியன் மிஷினிலோ ஏதாவது ஒரு பாகம் தேய்ந்து போனால் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இது கொஞ்சம் கூடுதலா நிக்குதுங்க" என்பார். அளந்து பார்த்தால் அப்படியே இருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் கடைந்து கொடுத்த அறுபது ஷாப்டுகளைப் போன வருஷம் ஒரு பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டது. ஒன்றைப்போல் ஒன்று இல்லையாம். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். மைக்ரோமீட்டரைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்து அவர் திணறுவதைச் சில மாதங்களாகவே கவனித்து வந்தேன்.

மெக்கானிகல் டிப்ளமா படித்த எங்கள் மகள், "அப்பா, பழசா ஒரு சி.என்.சி. லேத் வாங்கிப் போட்டரலாமுங்க" என்றாள்.

"முப்பது வருஷத்துக் கையை மூட்டை கட்டி வெக்கச் சொல்றயா, அம்மிணி?" என்று எழுந்து போய்விட்டார்.

அடுப்படியில் வந்து அழுத பெண்ணிடம், "அந்தக் கம்ப்யூட்டர் லேத்துன்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "புள்ளிக் கோலம் மாதிரித்தானுங்கம்மா. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, என்ன வேகத்தில் போகவேணுமின்னு எழுதிக் கொடுத்தால் உளி அப்படியே போகும். நூறு தடவை போட்டாலும் கோலம் மாறாது."

நம் பட்டுப்புடவை பார்டரும் இதற்குத் தூரத்து உறவாம்! 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர், அட்டையில் துளையிட்டுத் தறிக்குப் பூவேலை சொல்லிக் கொடுத்தார். 1952-ல் அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடா சொன்னபடி உலோகத்தை வெட்டும் யந்திரத்தைக் காட்டினார்கள். பிறகு நாடாவின் இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது, அவள் சொன்ன கோயம்புத்தூர் சங்கதிதான். 1910-ல் அங்கே லக்ஷ்மி மில்லைத் தொடங்கியவர் ஜி. குப்புசாமி நாயுடு. அந்தக் குடும்பத்து ஜி.கே. தேவராஜுலு 1962-ல் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸைத் தொடங்கினார். எல்.எம்.டபிள்யூ. என்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். நூற்பு யந்திரங்கள் சீமையிலிருந்து கப்பலேறி வந்த காலத்தில், ஸ்விட்ஜர்லாந்தின் ரீட்டர் கம்பெனியாரிடம் தொழில் கற்று, நூற்பு யந்திரங்களை இங்கேயே செய்தார்கள்.

ஒரு நூற்பு யந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். ஒரு கதிர் ஆடினாலும் அதில் ஏறும் இழை கெடும். ஆகவே அத்தனை பாகமும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். அப்படிக் கடைவதற்கும் ஒரு யந்திரம் வேண்டுமல்லவா? 1988-ல் ஜப்பான் நாட்டு மோரி செய்கி கம்பெனியாரோடு சேர்ந்து, கம்ப்யூட்டர் லேத்துகள் செய்யும் பிரிவையும் தொடங்கினார்கள். பின்னால் ஆகாய விமானப் பாகங்கள் வரைக்கும் போய்விட்டார்கள். மற்ற யந்திரங்களைப் பெற்றெடுப்பதால் இந்த ஜாதி யந்திரங்களுக்குத் 'தாய் யந்திரம்' என்று பெயராம். எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

அன்றிரவு அவருக்கு மோர் ஊற்றும்போது மெதுவாகச் சொன்னேன்: "ஏனுங்க, அத்தனை பெரிய ஸ்தாபனத்தாரே ஒருதரம் ஸ்விஸ்காரங்ககிட்டப் படிச்சாங்க, இருபத்தாறு வருஷம் கழிச்சு மறுபடியும் ஜப்பான்காரங்ககிட்டப் படிச்சாங்க. நீங்க பெத்த புள்ளைகிட்டப் படிச்சா என்னங்க குறைஞ்சு போகுது?"

பதிலில்லை. ஆனால் இரண்டாம் முறையும் சாதம் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். மிச்சத்துக்குப் பாங்கிக் கடன்.

யந்திரம் வந்தது. தேங்காய் உடைத்து, மகள் முதல் ஷாப்டை ஓட்டினாள். திரையில் எல்லா எண்ணும் சரி. அவர் மட்டும் ஷாப்டைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். "நடுவுல வயிறு தள்ளியிருக்குது, அம்மிணி."

அளந்தால், நடுவில் ஒரு மயிரிழைக்கும் குறைவாகப் பருமன். அவள் முகம் வாடிவிட்டது.

"மெல்லிசு ஷாப்டு. உளி நெருக்கினா நடுவுல விலகிக்கும். கடைசி வெட்டை ஒரே மூச்சா வெட்டாதே, லேசா இரண்டு தரம் வெட்டு" என்றார். அவள் அதை எழுதிச் சேர்த்தாள். அடுத்த ஷாப்ட் ஒழுங்காக வந்தது. அதன் பின் வந்தவையும் அப்படியே.

இப்போது பட்டறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். இரும்புக்கு என்ன வேகம், பித்தளைக்கு என்ன வேகம், உளி மழுங்கினால் எப்படிச் சத்தம் மாறும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. போன மாதம் கண்புரைக்கும் ஆபரேஷன் ஆயிற்று. முதல் காரியமாக அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார். இரண்டு இடத்தில் பிழை திருத்தினார்!

பாங்கிக் கடன் இன்னும் தீரவில்லை. என் கையில் கண்ணாடி வளையல்தான். கல்யாண வீடுகளில் யாராவது என் கையைப் பார்த்தால், "பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கிறது" என்கிறேன். நீங்களும் இந்தப் பக்கம் வந்தால் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.