திரையில் ஓடுவது யாருக்கு?

ஓசூர் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். சிப்காட் பக்கம் போனால் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. கூடவே உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளும் வந்தன. வேலை தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள்.

இந்தப் பதிவு வீடியோ கோப்புகளைப் பற்றியது. மொழிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

அங்கே ஒரு தொழிற்சாலைக்கு (பெயர் வேண்டாமே) ஒரு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். உள்ளே 12 டி.வி. திரைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்ன பிளேயர் பெட்டி. எல்லாம் ஒரே கணினியோடு நெட்வொர்க்கில் இணைந்தவை. இதைத்தான் டிஜிட்டல் சைனேஜ் என்கிறார்கள். அதில் ஓடும் பாதுகாப்பு வீடியோக்களைத் தயார் செய்வது என் வேலை.

இந்தத் திரைகளுக்குப் படம் நேரடியாக ஓடி வருவதில்லை. இரவில் பெட்டி கோப்பை இறக்கித் தன் மெமரி கார்டில் வைத்துக்கொள்ளும்; பகலில் அதையே திரும்பத் திரும்பப் போடும். நடுவில் கரண்ட் போனால் பாதிக் கோப்புதான் இருக்கும். அதனால் செக்சம் சரிபார்த்த பிறகுதான் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.

போனில் 4கே-யில் எடுத்த படத்தை அப்படியே போட்டால் மலிவான பெட்டி திணறும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ஹெச்.264-க்கு மாற்றினேன். அது 2003-இல் வந்த பழைய முறைதான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த சில்லு சாதாரணப் பெட்டியிலும் இருக்கிறது. நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால், 90 நொடிப் படம் 45 எம்.பி.தான்.

அடுத்த சிக்கல் சத்தம். பிரஸ் ஓடும் இடத்தில் பேச்சே கேட்காது, திரைகளெல்லாம் ஊமை. எழுத்துதான் எல்லாம். வசனங்களைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் அந்தப் பெட்டி 'கொ'வை மூன்று துண்டாக்கிக் காட்டியது. எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுவதுதான் வழி.

இனி முக்கியமான விஷயம். பிரஸ்ஸை இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. வேகம் வேண்டும் என்று ஒன்றைக் கட்டிவைத்துவிட்டால் போவது விரல். ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிலில் இப்படி விரல் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. காகிதப் பலகைக்கு அது சரி. அதில் இடம் குறைவு. ஆனால் அந்தப் பெரும்பான்மையில் இல்லாத ஒருவர்தானே இங்கே பிரஸ் முன்னால் நிற்கிறார்?

சரி, ஐந்து மொழியிலும் போட்டுவிடலாம் என்றால் கணக்கு இடித்தது. 90 நொடி, ஐந்து மொழி, மொத்தம் ஏழரை நிமிடம். ஷிஃப்ட் தொடங்கும்போது திரை முன்னால் ஒருவர் நிற்பது இரண்டு நிமிடம். அவருடைய மொழி வரும்போது அவர் மெஷினுக்குப் போயிருப்பார்!

படத்தை வெட்டினேன். ஆறு அறிவுரை, ஒவ்வொன்றும் 15 நொடி, ஐந்து மொழிக்கும் சேர்த்து 30 கோப்பு. ஒரு நாளுக்கு ஓர் அறிவுரை மட்டும். ஐந்து மொழியும் 75 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். திங்கள் முதல் சனி வரை ஆறும் முடியும். மொத்த அளவு அதே 225 எம்.பி. ஓர் அறிவுரை மாறினால் ஐந்து கோப்பை மட்டும் அனுப்பினால் போதும்.

ஒடியா வரிகளைச் சரிபார்த்தவர் அந்தப் பிரஸ்ஸில் வேலை செய்யும் ஓர் அண்ணன். புத்தக நடையில் இருந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, அவர்கள் வேலையில் சொல்லும் சொல்லை எழுதினார். "இப்படிப் போட்டால்தான் தம்பி, எங்க ஆளுங்களுக்குப் புரியும்" என்றார், தட்டுத் தடுமாறித் தமிழில்.

கோப்பின் பெயரில் மெஷின் எண், மொழி, தேதி மூன்றும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதியும் கொடுத்தேன். மெஷினை மாற்றிய பிறகும் பழைய மெஷினின் படம் ஓடிக்கொண்டிருந்தால், அது படமே இல்லாததைவிட ஆபத்து.

பயிற்சி முடிவதற்குள் பிரஸ் பகுதியில் இரண்டு திரைகளில் மட்டும் இப்படி ஓடவிட்டார்கள். மீதிப் பத்தில் பழைய 90 நொடிப் படம்தான், தமிழிலும் ஆங்கிலத்திலும். அடுத்து வரும் பயிற்சி மாணவருக்காக 30 கோப்புகளையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, செய்முறையையும் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.