எட்டு மீட்டர்

முட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு சிவப்புமூக்கு ஆள்காட்டியைச் சித்திரை வெயிலில் எழுப்பிவிட்டு, அது திரும்ப வந்து உட்கார முடியாதபடி பக்கத்திலேயே இருந்து படம் எடுத்திருக்கிறேன். அந்தப் படம் ஒரு கண்காட்சியில் மாட்டப்பட்டது. பார்த்துவிட்டுக் கைகொடுத்தவர்களிடமெல்லாம், "பொறுமையாக் காத்திருந்து எடுத்தது" என்று சொன்னேன். அது பொய். பறவைப் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கு மில்லிமீட்டர் கணக்கையும் விலையையும் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, இதை மறைத்து வைத்திருக்க இனி என்னால் முடியாது.

நடந்த இடம் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். தண்ணீர் வற்றி, மடையோரம் மட்டும் ஒரு குட்டை மிச்சமிருந்தது. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த மண். ஆள்காட்டி கூடு என்று எதையும் கட்டுவதில்லை. வெறுந்தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள், காய்ந்த ஆட்டுப் புழுக்கை, நடுவில் மண் நிறத்தில் கரும்புள்ளி தெளித்த நான்கு முட்டைகள். நான்கின் கூர்முனையும் உள்பக்கம் பார்த்து இருந்தன. பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தட்டுப்படாது. பறவை எழுந்ததால்தான் எனக்கே தெரிந்தது.

அப்போது என்னிடம் இருந்தது 300 மி.மீ. வரை போகும் சாதாரண ஜூம். 25 மீட்டரில் இருந்து பார்த்தபோது, ஒரு முழத்துக்கும் குறைவான அந்தப் பறவை ஃபிரேமின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. கிட்டே போனேன். எழுந்து கத்தியது. இணைப்பறவை எங்கிருந்தோ வந்து என் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து திரும்பியது. நான் குனிந்து, தவழ்ந்து, முட்டையிலிருந்து எட்டு மீட்டர் வாக்கில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பறவை பாதி ஃபிரேமுக்கு மேல் நிறைந்தது. அது சுற்றிச் சுற்றி நடந்தது. நாலடி ஓடும், நிற்கும், தலையை ஆட்டும், திரும்பிப் போகும். முட்டைகள் வெயிலில் கிடந்தன.

சொல்லக் கூசுவது இனிமேல்தான். ஒருமுறை அது மடையோரக் குட்டைக்குப் போய்விட்டு வந்தது. வயிற்று இறகெல்லாம் நனைந்து, அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. படத்துக்கு நன்றாக இல்லை என்று அந்த இறகு காய்கிற வரைக்கும் காத்திருந்தேன். என் பொறுமை என்று சொன்னேனே, அது இவ்வளவுதான். ஆள்காட்டி ஏன் வயிற்றை நனைத்துக்கொண்டு வருகிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கோடையில் தரை கொதிக்கும்போது முட்டை வெந்துவிடாமல் இருக்க, வயிற்று இறகில் தண்ணீரை ஏந்தி வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கும். அந்தத் தண்ணீர் என் கண்ணெதிரே வெயிலில் காய்ந்து போனது. காய்ந்ததும் நான் படம் எடுத்தேன். கண்காட்சியில் இருந்தது அந்தப் படம்.

முட்டைகள் என்ன ஆயின என்று நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. பயத்தால்தான் போகவில்லை என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்லாமல், காட்டுப் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் அதற்குள் வருகிறது. இதை முதன்முதலில் படித்தபோது, துப்பாக்கி வைத்திருந்தவர்களைப் பற்றி அதுவரை நான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்த நாட்களில் என் மனசுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது: லென்ஸ் சின்னது. பெரிய லென்ஸ் இருந்தால் நான் ஏன் கிட்டே போகப் போகிறேன்? நண்பர்களிடமும் வீட்டிலும் இதையே சொன்னேன். மா. கிருஷ்ணனின் பெயரைக்கூடச் சாக்காக இழுத்தேன். வெவ்வேறு பாகங்களைத் தானே ஒன்றாகப் பொருத்தி, 'சூப்பர் பொண்டரோசா' என்று பெயர் வைத்த கேமராவில் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர் அவர். "அவர்கிட்ட 600 இருந்துச்சா? கிட்டப் போய்த்தானே எடுத்திருப்பாரு" என்று வாதாடினேன். விலங்குகளைப் பல ஆண்டுகள் கவனித்துக் கவனித்து, அவற்றின் போக்கு தெரிந்தபின் அவர் எடுத்த படங்கள் அவை என்பதைப் பேச்சில் விட்டுவிட்டேன்.

அப்புறம் லென்ஸ் வாங்கக் கிளம்பினேன். என்னிடம் இருந்த கேனன் கேமராவுக்கு அன்றைக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, 400 மி.மீ. எஃப் 5.6. ஜூம் கிடையாது, நடுக்கம் தடுக்கும் வசதியும் கிடையாது. ஆனால் ஒன்றேகால் கிலோதான், பறக்கிற பறவைக்கு அதைப்போல லேசாகச் சுழலும் லென்ஸ் அந்த விலையில் வேறில்லை. இரண்டாவது, 100-400 ஜூம்; நல்ல பொருள், விலை எட்டவில்லை. மூன்றாவது, டாம்ரானும் சிக்மாவும் கொண்டுவந்திருந்த 150-600. இரண்டு கிலோ வாக்கில் எடை, 600 முனையில் துளை 6.3 வரைதான் திறக்கும், விடிகாலையிலும் அந்தியிலும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றித்தான் ஆக வேண்டும். 600 மி.மீ. எஃப் 4 என்கிற வெள்ளை யானையின் விலை பல லட்சம். அது எனக்கு இல்லை. 400க்கு 1.4 டெலிகன்வெர்ட்டர் போட்டால் 560 ஆகிவிடுமே என்றும் பார்த்தேன். ஒரு ஸ்டாப் வெளிச்சம் போய் எஃப் 8 ஆகிவிடும், என் பழைய கேமரா அதில் தானாக ஃபோகஸ் பிடிக்காது.

எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் மதுரையில் இருந்தார். அவரிடம் கேட்டேன். "தம்பி, நீ எடுக்கப் போற பறவை உன்னயப் பாத்து எந்திரிக்காத தூரம் எவ்வளவுன்னு மொதல்ல பாத்துட்டு வா. அப்புறம் லென்ஸப் பத்திப் பேசுவோம்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் கேட்டது லென்ஸ், இவர் வேறெதையோ சொல்கிறாரே என்று. போய்ப் பார்க்காமலே 150-600 வாங்கிவிட்டேன்.

கணக்கு ரொம்ப எளிது. குவியத்தூரம் இரண்டு மடங்கானால் படமும் இரண்டு மடங்கு பெரிதாகும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் படம் பாதியாகும். அதாவது 300இல் எட்டு மீட்டரிலிருந்து எடுத்த அதே ஆள்காட்டிப் படத்தை, 600இல் பதினாறு மீட்டரிலிருந்து எடுக்கலாம். நான் காசு கொடுத்து வாங்கியது அந்த எட்டு மீட்டரைத்தான். பறவைக்குக் கொடுக்க வேண்டிய தூரம் அது. நான் கொடுக்கவில்லை. அதே எட்டு மீட்டரில் போய் உட்கார்ந்து, பறவையை இன்னும் பெரிதாக்கிக்கொண்டேன். கண்ணின் வளையம், இறகின் ஓரம், அலகில் ஒட்டிய மண் எல்லாம் தெரிய வேண்டும் என்றிருந்தது. 'லென்ஸ் சின்னது' என்ற பேச்சு பொய் என்பது லென்ஸ் பெரிதானபோதுதான் வெளியே வந்தது.

தூரத்திலிருந்து எடுத்தால் படம் கொழகொழவென்று வருகிறது என்று இன்னொரு காரணமும் வைத்திருந்தேன். லென்ஸில் குறை என்றே நம்பினேன், கடைக்காரரிடம் சண்டைக்கும் போனேன். குறை கானலில் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் வறண்ட கண்மாய்த் தரையிலிருந்து சூடு கிளம்பிக் காற்று அலையும். அந்தக் காற்றின் ஊடே 30 மீட்டருக்கு அப்பால் எடுத்தால் எத்தனை லட்சத்து லென்ஸானாலும் இறகு தெளியாது. மருந்து, விடியும்போது போவது. எனக்கு எழ முடியவில்லை. ஒன்பது மணிக்குப் போய், கானலைத் தாண்ட வேண்டும் என்று கிட்டே நகர்ந்தேன். என் தூக்கத்துக்கான விலையைப் பறவை கொடுத்தது.

பச்சைப் பஞ்சுருட்டானுக்கு நான் செய்தது இதைவிட மோசம் என்று இன்றைக்கு நினைக்கிறேன், ஏனென்றால் அப்போது என்னிடம் எந்தச் சாக்கும் மிச்சமில்லை. வாய்க்கால் கரையின் மணல் சரிவில் அது துளை குடைந்து குஞ்சு வைத்திருந்தது. துளைக்குப் பக்கத்திலேயே தென்னந்தோப்பின் வேலிக் கம்பி. அலகில் ஒரு தட்டானோடு பறவை கம்பியில் வந்து உட்காரும். தட்டானைக் கம்பியில் இரண்டு அடி அடித்துவிட்டு அப்படியே கவ்வியபடி இருக்கும். வால் மேலும் கீழும் ஆடும். துளையை நோக்கிப் பாயும், கடைசி நொடியில் வளைந்து மறுபடி கம்பிக்கே வந்துவிடும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் பச்சைத் தோப்பு மங்கி, தட்டானின் சிறகு நரம்பு வரை தெரிய, பறவை அவ்வளவு நேரம் அசையாமல் போஸ் கொடுக்கிறது என்று நினைத்தேன்.

அது துளைக்குள் போக முடியாமல் உட்கார்ந்திருந்தது. மிலிந்த் வத்வேயும் அவருடைய சகாக்களும் பச்சைப் பஞ்சுருட்டானை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. மனிதன் நிற்கும் இடத்திலிருந்து துளை தெரியும் என்றால் பறவை உள்ளே போகத் தயங்குகிறது. அதே அளவு தூரத்தில், துளை கண்ணில் படாத இடத்தில் அவன் நின்றால் அவ்வளவாகத் தயங்குவதில்லை. நாம் எதைப் பார்க்கிறோம் என்பதை அந்தச் சின்னப் பறவை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதைப் படித்த இரவு என் கோப்பில் இருந்த பஞ்சுருட்டான் படங்களைத் திறந்து பார்த்தேன். நான் பெருமைப்பட்ட ஒவ்வொரு படத்திலும் அலகில் தட்டான் இருந்தது. மண்ணுக்குள் குஞ்சுகள் அந்தத் தட்டானுக்காக வாயைத் திறந்துகொண்டிருந்திருக்கும். கூடு வைக்கும் பருவத்தில் இரையோடு வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் பறவையின் படத்தை எங்கே பார்த்தாலும் இப்போது எனக்கு எடுத்தவர் எங்கே இருந்தார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது. பிள்ளைகள் உள்பட. அங்கே ஒருநாள் கண்மாய்க் கரையில் நான் லென்ஸைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கப் போக, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா, "தம்பி, கரைய விட்டு எறங்காதீக" என்றார். அவர் சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நின்றேன், ஆனால் உள்ளுக்குள் கோபம் வந்தது. இந்த லென்ஸின் விலை இந்தம்மாவுக்குத் தெரியுமா என்று நினைத்தேன். அப்படி ஒருகணம் நினைத்ததற்காக அவரிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

லென்ஸ் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்வது இது. நடந்து அலைந்து, பறப்பவற்றை எடுக்க ஆசையென்றால் பழைய 400 ஒன்றைத் தேடு. இரண்டு கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டு நாலு கிலோமீட்டர் நடந்தவனுக்கு விடியலிலேயே கை நடுங்கும். கார் ஜன்னலிலோ மறைவிடத்திலோ ஓரிடத்தில் இருந்து எடுப்பாய் என்றால் 600 வரை போகும் ஜூம் சரி. அரிசியோ மணலோ நிரப்பிய ஒரு துணிப்பையை ஜன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள், முக்காலிக்குச் செலவழிக்காதே. எதை வாங்கினாலும் கூட்டுக்கு மட்டும் திருப்பாதே. இதோடு அந்த மதுரை அண்ணன் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்: வாங்குவதற்கு முன், இருக்கிற கேமராவோடு போய், எந்தப் பறவை எத்தனை அடியில் எழுந்தது என்று எழுதிக்கொண்டு வா. பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை. நானும் அன்று அவரிடம் திரும்பிப் போகவில்லையே.

ஆள்காட்டிப் படத்தையும் பஞ்சுருட்டான் படங்களையும் அழித்துவிடலாமா என்று யோசித்து, அழிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். யாராவது கேட்டால் எடுத்த விதத்தோடு காட்ட வேண்டும். இப்போது எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் லென்ஸ் துளை அளவு, ஷட்டர் வேகத்தோடு இரண்டு விவரங்கள் கூடுதலாக எழுதுகிறேன்: பறவைக்கும் எனக்கும் இருந்த தூரம், நான் கிளம்பும்போது அது இருந்த இடத்திலேயே இருந்ததா என்பது. பதினாறு, இருபது, முப்பது மீட்டர் என்று தூரம் கூடிக்கொண்டு வருகிறது. இரண்டாவது விவரத்தில் "எழுந்து போய்விட்டது" என்று இன்னும் பல படங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.